எதிரொலி இல்லாத அறை

நம்பினால் நம்புங்கள். கடவுளுக்குப் பயந்தவன் நான். இதில் ஒரு வரிகூடக் கூட்டிச் சொல்லவில்லை. நடுராத்திரியில் நடந்ததும் அல்ல. பட்டப்பகல், மூன்று மணி.

விமானங்கள் இறங்கச் செயற்கைக்கோள்கள் வழிகாட்டும். அந்த சிக்னலைச் சரிபார்த்துத் திருத்தம் சொல்ல, ஓடுபாதை அருகே ஆன்டெனாக்கள் நிற்கும். அவற்றை வடிவமைப்பது என் வேலை. வானத்திலிருந்து நேராக வருவதை மட்டுமே அவை கேட்க வேண்டும். தரையில் பட்டுத் திரும்புவதையும் கேட்டால், விமானம் தன் உயரத்தைத் தப்பாக எண்ணிவிடும். உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள்.

சோதனை அறையின் சுவர், கூரை, தரை எங்கும் கறுப்பு ஃபோம் கூம்புகள். எதிரொலியே இருக்காது. கதவை மூடிவிட்டால் உள்ளே கத்துவதும் வெளியே கேட்காது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். உள்ளே போனவர் வெளியே வந்து "வந்துட்டேன், மூடுங்க" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கதவை மூடுவோம்.

அன்று சோதனைக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் அக்காவும் நானும் மட்டும். உள்ளே ஆன்டெனா மெல்லச் சுழன்றது. வெளியே திரையில் கோடு வளர்ந்தது. அதில் தரைப் பக்கம் ஒரு புடைப்பு, எதிலோ பட்டுத் திரும்பியதுபோல.

"என்ன தம்பி, உள்ளே யாரோ நிக்கிற மாதிரி காட்டுது?"

"உங்க மாமியாரா இருக்கும்க்கா. வேவு பார்க்க வந்திருப்பாங்க."

திறந்து பார்த்தோம். யாரும் இல்லை.

மறுபடி ஓட்டினோம். புடைப்பு பெரிதாகியிருந்தது. ஏதோ ஒன்று ஆன்டெனாவை நெருங்கினால்தான் அப்படி ஆகும்.

"பேசாம இன்னைக்கு மூட்டை கட்டிடலாம்."

"ஆன்டெனாவோட குறையா இருந்தா? நாளைக்கு ஓடுபாதைக்குப் போகுதேக்கா. பார்த்துட்டு வந்துடறேன்."

அக்கா கதவருகே நின்றார். நான் உள்ளே போய் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

'கடவுளே' என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் மூலையிலிருந்து... என் குரலிலேயே...

"கடவுளே..."

யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், என்றுதான் நினைத்தேன்.

"பயப்படாதீங்க. கதவு திறந்துதான் இருக்கு. வாங்க, போகலாம்."

"நீ இரு."

டப்.

கதவு மூடியது. விளக்கு அணைந்தது.

க்ர்ர்... க்ர்ர்... ஆன்டெனா சுழன்றது.

கதவைக் குத்தினேன். கத்தினேன்.

கூம்புகள் விழுங்கின.

மூச்சு முட்டியது...

கதவு திறந்தது. சில்லென்று ஏதோ என்னை இடித்துக்கொண்டு உள்ளே போனது. அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக் கதவை அறைந்து மூடினார்.

நடந்ததை அக்கா சொன்னார்.

"நீ வெளியே வந்தே. 'வந்துட்டேன், மூடுங்க'ன்னு சொன்னே. என் பக்கத்துலயே உட்கார்ந்தே. திரையில புடைப்பைப் பார்த்து 'உள்ளே யாரோ இருக்காங்க தம்பி'ன்னேன். 'அது ஆன்டெனாவோட குறைதான், விடுங்க'ன்னே."

"அப்புறம் எப்படித் திறந்தீங்க?"

"எனக்கு மணிக்கட்டு வலி. தினமும் கேட்காமலே தண்ணி பாட்டிலைத் திறந்து கொடுப்பே. இன்னைக்கு நானே கேட்டேன். என் கையைப் பார்த்துச் சிரிச்சே. அது நீ இல்லை."

செய்த சிறு உதவி வீண்போகாது. நான் உயிரோடு இருப்பதே அதற்குச் சாட்சி. ஆன்டெனாவை வேறு இடத்தில் சோதித்தோம். ஒரு குறையும் இல்லை.

அக்கா மாற்றல் வாங்கிப் போன அன்றுதான் மிச்சத்தைச் சொன்னார்.

"உன்னை வெளியே இழுத்துக் கதவை மூடும்போது உள்ளேயிருந்து உன் குரல் கேட்டுச்சு தம்பி."

"என்னன்னு?"

"'பாட்டிலைக் குடுங்கக்கா... திறந்து தர்றேன்'னு."