பனிக்கட்டி முற்றத்தில் ஒரு பொங்கல்

டென்மார்க்கில், சில்க்போர்க் நகரத்தில் சொந்த வீடு வாங்கிய முதல் குளிர்காலத்திலேயே என் கணவர் புல்லோடு மல்லுக்கட்டத் தொடங்கிவிட்டார். வீட்டுக்கு முன்னால் சீமெந்துக் கல் பதித்த சின்ன முற்றம். கற்களின் இடுக்கெல்லாம் பாசியும் பெயர் தெரியாத பூண்டுகளும். இப்போது சும்மா விட்டால் வசந்தத்தில் காடாகிவிடும் என்று பக்கத்து வீட்டு டெனிஷ்காரர் செடிவேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ஓதிக்கொண்டே இருந்தார். ஓய்வு பெற்ற மனிதர். எங்கள் முற்றத்தைப் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை இல்லை என்று எனக்கு எரிச்சல்.

கணவரோ அவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். தொழிற்சாலையில் லீவு கிடைக்கும் நாளெல்லாம் முனை வளைந்த கத்தியோடு முழங்காலில் நின்று சுரண்டினார். நான் யன்னலுக்குள் நின்று தேத்தண்ணீர் குடித்தபடி சிரிப்பேன். ஆனாலும் அவரைத் தடுக்கவில்லை. எனக்கு அந்த முற்றம் துப்புரவாக வேண்டும். தைப்பொங்கல் வருகிறது.

இத்தனை வருடமும் மாடிக் குடியிருப்பில், மின் அடுப்பில், புகை மணி அடித்துவிடுமோ என்று பயந்து பயந்து பொங்கியவள் நான். பால் வழிய முதலே கையில் துணியோடு நிற்பேன். அது பொங்கலா? பொங்கினால் இந்த முறை முற்றத்தில், விறகடுப்பில், சூரியனுக்கு முன்னால். இல்லாவிட்டால் பொங்கலே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னால் சொன்னதுதான்.

பொங்கலன்று விடிய நல்ல குளிர். சேலைக்கு மேல் தடித்த ஜாக்கெட், காலில் சப்பாத்து. முற்றத்து நடுவில் கல் வைத்து விறகும் அடுக்கியாயிற்று. நான் வாளி நிறைய மஞ்சள் தண்ணீரோடு வெளியே வந்தேன்.

"இஞ்சேரும், இந்தக் குளிருக்குள்ள தண்ணி தெளிக்க வேணுமோ?" என்றார் கணவர்.

"முற்றம் தெளிக்காமல் பொங்கிறதோ? என்ன கதை கதைக்கிறியள்?"

தெளித்தேன். தெளித்ததோடு நிற்காமல், அவர் சுரண்டிய மண்ணும் போகட்டும் என்று மிச்சத்தையும் ஊற்றிக் கழுவிவிட்டேன். உள்ளே போய்ப் பானைக்கு இஞ்சியும் மஞ்சளும் கட்டி, பாலை ஊற்றி எடுத்துக்கொண்டு வந்தால், முற்றம் முழுவதும் மஞ்சள் நிறத்தில் பளபளவென்று பனிக்கட்டி. அடுப்பு நடுவில் தனித்தீவு. நான் வாசற்படியில் பானையோடு நிற்கிறேன். கிழக்கு வெளுத்துக்கொண்டு வருகிறது.

கணவர் குழந்தைப்பிள்ளை மாதிரி நாலு காலில் தவழ்ந்து அடுப்பு வரை போய்த் திரும்பினார். பனி உருகட்டும் என்று குசினியிலிருந்து உப்பை அள்ளிவந்து எறியப் போனவரை, "உப்பு வேண்டாம், வேலி பட்டுப்போகும்!" என்று ஒரு குரல் தடுத்தது. வேறு யார்? வேலிக்கு மேலால் அதே தலை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் அதைக் கவனிக்கவேயில்லை. தன் கொட்டிலுக்குப் போய், காஸ் சிலிண்டர் பூட்டிய நீளக் குழாயோடு வந்தார். கல்லிடுக்கில் முளைப்பதைக் கருக்க இங்கே பாவிப்பது அது. முனையில் நெருப்புச் சீறும். வாசற்படியிலிருந்து அடுப்பு வரை பனியை உருக்கிக்கொண்டே போனார். கணவர் பின்னாலேயே தும்புத்தடியால் தண்ணீரைத் தள்ளினார். நான் மகாராணி மாதிரி நடந்துபோய்ப் பானையை ஏற்றினேன்.

விறகு பற்றவில்லை. ஈரம். தீப்பெட்டி பாதி முடிந்தது. கூரைகளுக்கு மேல் சூரியன் எட்டிப் பார்த்துவிட்டது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று அந்த மனிதரைப் பார்த்து, இங்கேயும் கொஞ்சம் பிடிக்க முடியுமா என்று டெனிஷில் கேட்டேன். குழாயை அடுப்புக்குள் நீட்டினார். விறகு சடசடவென்று பற்றியது.

பால் நுரைத்து ஏறியது. டெனிஷ்காரருக்குப் பதற்றம். பால் வழியப் போகிறது என்று கையுறையோடு பானையை இறக்கப் பாய்ந்தார்.

"விடுங்கோ! பொங்கட்டும்!" என்று தமிழிலேயே கத்தினேன். மனிதர் கையை உயர்த்தியபடி அப்படியே நின்றுவிட்டார். பால் பொங்கி நாலு பக்கமும் வழிந்து, கணவர் சுரண்டிச் சுரண்டித் துப்புரவாக்கிய இடுக்குகளுக்குள் ஓடியது. "பொங்கலோ பொங்கல்!" என்று கணவர் தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு கூவினார்.

இது வேண்டுமென்றே வழிய விடுவதா என்று டெனிஷ்காரர் நம்பமுடியாமல் கேட்டார். ஓம், வீட்டில் எல்லாம் நிறைந்து வழிய வேண்டும் என்பதற்காக என்று விளக்கினேன். வழிந்த பாலையும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் நல்லாய் வழிந்திருக்கிறது" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. புகையின் மேல் பழியைப் போடாமல், இருவருக்கும் முன்னால், என் வீட்டு முற்றத்தில் நின்று நன்றாகவே அழுதேன். பிறகு பானைக்குள் அரிசியைப் போட்டேன்.