பார்க்கலாம், எழுத முடியாது

அலுவலகத்தின் நடுவே ப்ளைவுட் தடுப்பு எழும்பிய வாரம், அங்கே வேலை பார்த்தவர்கள் தும்மக்கூட யோசித்தார்கள். அண்ணன் தம்பி இருவரும் கட்டடம் வரைகிறவர்கள். அப்பா தொடங்கிய அலுவலகத்தை அவர் போன பிறகும் சேர்ந்தேதான் நடத்தினார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்காகத் தம்பி வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு வரைந்த மாடிப்படியை, அண்ணன் ஒருநாள் திறந்து பார்த்தார். "இது சரியா வராது" என்று தானே மாற்றி, அதே ஃபைலின் மேல் சேமித்துவிட்டார். கட்டி முடித்த படியில் கால் வைத்தபோதுதான் தம்பிக்கு விஷயம் தெரிந்தது. அன்றோடு பேச்சு அறுந்தது.

வரைபடங்கள் எல்லாவற்றையும் வைத்திருந்த கம்ப்யூட்டர் இரண்டு பக்கத்திலும் சேராமல் பின்னறையில் இருந்தது. அதைக் கட்டி மேய்த்தவள் இருவருக்கும் தங்கை. நாற்பதைத் தாண்டி, கல்லூரிக்குப் போகும் மகளும் இருந்தாலும், அண்ணன்களுக்கு அவள் இன்னும் 'குட்டி'தான். "குட்டி, அவன்கிட்ட சொல்லு." "குட்டி, அவர்கிட்ட சொல்லிடு." சின்ன வயதிலிருந்தே இந்த இரண்டு பேருக்கும் அவள்தான் தபால்காரி.

இப்போது ஃபைல்களையும் பிரிக்கச் சொன்னார்கள். அவளுக்கு அதோடு இன்னொரு தலைவலியும் இருந்தது. ஃபைல்களை மற்ற மேசைகளுக்குப் பகிர்ந்துகொடுக்கும் வேலை அதுவரை அந்த இயந்திரத்தின் அடிவயிற்றில், அதன் இயங்குதளத்துக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தது. அது மாட்டிக்கொண்டால் இயந்திரமே மூச்சுவிடாது. ஸ்விட்சை அணைத்துப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும், "அந்தப் பக்கத்து ஆளுங்கதான் எதையோ நோண்டிட்டாங்க" என்று தடுப்பின் இரண்டு பக்கமும் ஒரே வாக்கியம் கேட்கும்.

அதனால் அவள் அதே கம்ப்யூட்டரில் வேறு சர்வர் புரோகிராமுக்கு மாறினாள். மற்ற சாதாரண புரோகிராம்களைப் போல மேலே தனியாக ஓடுவது. விழுந்தால் அது மட்டும் விழும்; தூக்கி நிறுத்திவிடலாம். அதற்கான அமைப்பு ஃபைலில் ஃபோல்டருக்கு ஒரு பத்தி எழுத வேண்டும்: எங்கே இருக்கிறது, வெளியே எந்தப் பெயரில் தெரிய வேண்டும், யார் வரலாம், வந்தவர் பார்க்க மட்டுமா, எழுதவுமா. பெரியண்ணன் ஃபோல்டருக்கு ஒரு பத்தி, சின்னண்ணன் ஃபோல்டருக்கு ஒரு பத்தி. ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாது. சொத்துப் பிரிப்பதுபோல இருந்தது. 

ஓடவிட்ட முதல் காலையே பெரியண்ணன் பின்னறைக்கு வந்து நின்றார்.

"குட்டி, என் ஃபைலுக்கெல்லாம் சொந்தக்காரர் 'நோபடி'ன்னு காட்டுது. அப்பா ஆஃபீஸ்ல நான் நோபடியா?"

"அண்ணா, அது உங்களைச் சொல்லல..."

"பின்ன யாரைச் சொல்லுது?"

சர்வரும் மேசைக் கம்ப்யூட்டர்களும் ஆட்களை அடையாளம் தெரிந்துகொள்ள, இரண்டு பக்கமும் ஒரே டொமைன் பெயர் இருக்க வேண்டும்; இல்லையென்றால் எல்லோரும் 'நோபடி'தான். அவள் ஓர் எழுத்தை விட்டுவிட்டிருந்தாள். திருத்தியதும் பெயர்கள் திரும்பி வந்தன. தன் பெயரைப் பார்த்த பிறகும் பெரியண்ணன் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவன் என்ன வரையறான்னு... சும்மா ஒரு பார்வை. அவனுக்குத் தெரிய வேணாம்."

"முடியாதுண்ணா."

சாப்பாட்டு நேரத்தில் சின்னண்ணன் வந்தார். அவரும் கதவைச் சாத்தினார். அவருக்கும் அதே பதில்தான். இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். இவர்களுக்குள் ஒற்றுமை இல்லை என்று எவன் சொன்னான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சண்டைக்கு முன்பே ஒப்புக்கொண்ட ஒரு மருத்துவமனை வேலை ஓடிக்கொண்டிருந்தது. அறைகள் பெரியவர் வரைவது, தூண்கள் சின்னவர் வரைவது. ஒருநாள் அங்கிருந்து மேஸ்திரி அவளுக்குப் போன் செய்தார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. பெரியவர் தாள்ல வாசல் இருக்கிற எடத்துல, சின்னவர் தாள்ல தூண் நிக்குது. குழி தோண்டவா, வேணாமா? ரெண்டு பேரையும் கேட்டேன். அவங்கவங்க தாள்தான் சரின்னுட்டாங்க."

"எதையும் தொடாதீங்க. கொஞ்ச நேரத்துல கூப்பிடறேன்."

போனை வைத்தாள். ஸ்ட்ரெச்சரில் நோயாளியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் வாசலில் தூணைப் பார்த்து நிற்பதுபோல ஒரு காட்சி கண்ணில் வந்து போனது. அந்தப் பத்திகளை எழுதியது இவள் கைதான். சொன்னதைத்தான் செய்தேன் என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தாள், மனசு கேட்கவில்லை.

வழக்கமாக இந்தச் செய்தியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அவள்தான் சுமந்திருப்பாள். இந்த முறை தடுப்பின் முனையில் நின்று இருவரையும் பெயர் சொல்லாமல் ஒன்றாகக் கூப்பிட்டாள்.

"ரெண்டு பேரும் உள்ள வாங்க. இப்பவே."

பின்னறையில் அவள் நாற்காலியைத் தவிர ஒன்றுதான் உண்டு. அதில் யாரும் உட்காரவில்லை. மேஸ்திரி சொன்னதை அவள் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். 

"திருட்டுத்தனமா பாக்கறதுக்குக் கேட்டீங்க, முடியாதுன்னேன். இப்ப வெளிப்படையா செய்யறேன். இவர் ஃபோல்டர் அவருக்குத் தெரியும், அவர் ஃபோல்டர் இவருக்குத் தெரியும். பாக்கலாம், எழுத முடியாது."

சின்னண்ணன் திரையைப் பார்த்தபடி கேட்டார். "அண்ணனாலயும் எழுத முடியாதா?"

"முடியாது."

"சத்தம் போட்டாலும்?"

"போடட்டும். அதுக்குக் காது கிடையாது."

சின்னண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். பெரியவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல, "என்னை எழுத விடாத, குட்டி. வழி இருந்தா என் கை சும்மா இருக்காது" என்றார்.

 தம்பி காலி நாற்காலியை இழுத்து அண்ணன் பக்கம் தள்ளினார். இருவர் முன்னாலேயே அவள் பத்திகளைத் திருத்தி, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்து, சர்வரை மறுபடி எழுப்பினாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரைபடங்களும் திறந்தன. தூண் நகர்ந்ததா வாசல் நகர்ந்ததா என்று அவள் கவனிக்கவில்லை. மேஸ்திரியிடம் பேசியது சின்னண்ணன்தான். நடுவில் பெரியவர் போனைப் பிடுங்கி, தேவையில்லாமல் இரண்டு வார்த்தை பேசினார்.

தடுப்பை யாரும் எடுக்கவில்லை. ஆனால் அதன் மேலாகக் குரல்கள் போய்வரத் தொடங்கின.

"டேய், உன் ஜன்னலு ரொம்ப தாழ்வா இருக்கு."

"பாத்தீங்கள்ல, போதும். நான் மாத்திக்கறேன்."

சில சமயம் மாற்றுவார். சில சமயம் பிடிவாதமாக அப்படியே விட்டுவிடுவார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சர்வரும் அவ்வப்போது விழத்தான் செய்தது. அது மட்டும் விழுந்தது. டீ ஆறுவதற்குள் எழுந்தது.

அந்தக் கோடை விடுமுறையில் அவள் கணவரோடும் மகளோடும் கடலோர ஊர் ஒன்றுக்குப் போனாள். பல வருடங்களில் முதல் முறை. அலுவலகத்திலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. முதல் நாள் நிம்மதியாக இருந்தது. மறுநாள் சாயங்காலம் போனை எடுத்து, சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"என்னம்மா, யாரும் உன்னைத் தேடலையா?" என்றாள் மகள்.

"தேடலடி" என்றாள். லேசாகக் கோபம் வந்தது. பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் பக்கம் நடந்தாள்.