சுடலைக்குமார் சத்தத்தை நிறுத்திய மத்தியானம்

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். கடம்பூரில் இறங்கி மினி பஸ் பிடித்தால் கால் மணி நேரம், அவ்வளவு தெரிந்தால் போதும். ஆட்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஏன் என்பது வாசித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

சுடலைக்குமாருக்கு முப்பத்தாறு வயது. கோவில்பட்டியில் ரேடியோ செட் கடை வைத்திருக்கிறான். கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம், கோயில் கொடை எதுவானாலும் பாக்ஸ் கட்டுவான். கல்யாண வீடுகளில் டிஜேயும் அவனேதான். நான் அவனோடு எட்டாம் வகுப்பிலிருந்து படித்தவன். இப்போது ஒரு தீப்பெட்டி ஆபீசில் லோடு ஏற்றி அனுப்புகிறேன். எங்கள் பக்கம் ஃபேக்டரியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நாற்காலியில் சாய்ந்துகொண்டு வேலை பார்ப்பதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். லீவு நாளில் குமாருக்கு வயர் பிடிக்கப் போய்விடுவேன்.

குமாருக்கு ரெகே பைத்தியம். ஜமைக்காத் தீவுக்காரர்களின் பாட்டு அது. தூத்துக்குடியிலிருந்து கப்பல் வேலைக்குப் போகிற கடற்கரை என்கிற எங்கள் கூட்டாளி, ஏதோ ஒரு துறைமுகத்தில் ஏற்றிய பென் டிரைவை இவனிடம் கொடுத்தான். அன்றைக்குக் கடையில் போட்ட பாட்டை சாயங்காலம் வரை குமார் மாற்றவில்லை. எனக்கு அந்தப் பாட்டு பிடிக்காது, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டுவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் நடக்கிற மாதிரி ஒரு தாளம். ஆனால் அடியில் ஓடுகிற அந்தக் கனத்த சத்தம், பேஸ், காதில் விழாது, நேராக நெஞ்சுக்கூட்டில்தான் விழும். அதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தப் பாட்டில் ஒரு வித்தை உண்டு. ஆட்டம் சூடு பிடிக்கும்போது டிஜே எல்லாச் சத்தத்தையும் சட்டென்று நிறுத்திவிடுவான். பாடுகிறவன், கிதார், டிரம்ஸ் ஒன்றும் இருக்காது. ஒரு மூச்சு நேரம் வெறுமை. அப்புறம் பேஸ் மட்டும் தனியாக வரும். கூட்டம் அலறும்.

குமார் இதைக் கல்யாண வீட்டில் செய்து பார்த்தான். ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வீட்டு வரவேற்பு. இரண்டாவது தடவை நிறுத்தியதுமே பெண்ணின் சித்தப்பா ராஜமணி அண்ணாச்சி பந்தியிலிருந்து எச்சில் கையோடு ஓடி வந்தார்.

"தம்பி, பாட்டு பாதியில பாதியில நிக்குதே, செட்டு ரிப்பேரா?"

"இல்ல அண்ணாச்சி, இது ஸ்டைலு."

"ஸ்டைல உம்ம வீட்டுக் கல்யாணத்துல வச்சுக்கிடும். பிள்ளைக ஆடிக்கிட்டு இருக்கு, நிக்காமப் போடும்."

நான் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லியே அவன் உயிரை வாங்கினேன்.

கொச்சியில் ஒரு ரெகே குழு மைதானத்தில் வாசிக்கப் போவதாகக் கேள்விப்பட்டதும் குருவாயூர் எக்ஸ்பிரஸில் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். வெயில் தாழ ஆரம்பித்தார்கள். பென் டிரைவில் கேட்பது வேறு, எதிரில் நின்று கேட்பது வேறு என்பது எனக்கே தெரிந்தது. காலுக்கடியில் தரை அதிர்ந்தது. ஒரு கட்டத்தில் எல்லாம் நின்றது. அத்தனை கூட்டமும் வாயடைத்துப் போயிருந்தது. பிறகு அந்த பேஸ் கிதார்க்காரர் மட்டும் ஒற்றையாக வாசித்துக்கொண்டு வந்தார். திரும்பிப் பார்த்தேன், குமார் அழுதுகொண்டிருந்தான்.

"எல்லாம் நின்ன பொறவுதாம்ல உள்ள இருக்கது என்னன்னு தெரியுது" என்றான்.

திரும்பி வரும்போது ரயிலில் அவன் தூங்கவே இல்லை. "நம்ம மந்த மகுடம் இருக்குல்ல, அதுவும் இதுவும் ஒண்ணுதாம்ல" என்று திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வரை பேசிக்கொண்டே வந்தான்.

மகுடம் என்றால் வட்டமான தோல் வாத்தியம். எங்கள் பக்கம் சுடலைமாடன் கோயில் கொடை என்கிற வருஷத் திருவிழாவுக்குக் கணியான் கூத்து வைப்போம். பாடுகிற அண்ணாவிக்குப் பின்னால் இரண்டு பேர் மகுடம் அடிப்பார்கள். ஒன்று உச்சம், கணீரென்று கேட்கும். மற்றது மந்தம், அடித்தொண்டையில் உறுமும். இரண்டும் சேர்ந்து ஏற ஏறத்தான் சாமியாடியின் மேல் சாமி இறங்கும்.

நான் பெயர் சொல்லாத அந்த ஊர்க் கோயிலின் சாமியாடி குமாரின் மாமனார்தான், இசக்கியப்பன். இருபத்தெட்டு வருஷமாக ஆடுகிறார். மற்ற நாளில் பார்த்தால் இவரா என்று தோன்றும். மெலிந்த உடம்பு, கீச்சுக் குரல், டீக்கடையில் இடமிருந்தாலும் நின்றுகொண்டே குடிப்பார். கொடை அன்றைக்குச் சாமியின் ஈட்டியான வல்லயத்தைக் கையில் பிடித்தார் என்றால் ஊரே அவர் முன்னால் கைகட்டி நிற்கும். பிள்ளை வரம் கேட்பவள், வழக்கு ஜெயிக்குமா என்று கேட்பவன், எல்லாரும் அவர் சொல்லும் குறிக்குத்தான் காத்திருப்பார்கள். குமாரின் மனைவி சுடலைச்செல்விக்கு அப்பா என்றால் அவ்வளவு பெருமை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கொடைக்குக் குமார்தான் செட் போட்டான். மந்த மகுடத்துக்குத் தனி மைக் வைத்து, நாலு பேஸ் பாக்ஸை அடுக்கியிருந்தான். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸருக்குப் பக்கத்தில் நான் நின்றேன். உச்சி வெயிலில் மதியக் கொடை. மகுடம் ஏறியது. இசக்கியப்பன் மாமா மேல் சாமி வந்தது. வல்லயத்தைத் தூக்கிப் பிடித்து அவர் குதித்த குதியைப் பார்த்துப் பொம்பளைகள் குலவை போட்டார்கள். அந்த பேஸ் பாக்ஸ்களின் உறுமலில் எனக்கே உடம்பு புல்லரித்தது.

குமாரைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தான். கொச்சியில் பார்த்த முகம். அவன் கை மிக்ஸரின் மேல் நகர்வதைப் பார்த்தேன். என்ன செய்யப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "ஏலே, வேண்டாம்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நன்றாக இருக்கும் என்று நானும்தான் நினைத்தேன்.

எல்லாவற்றையும் நிறுத்தினான்.

ஒரு மூச்சு விட்டு மந்த மகுடத்தை மட்டும் கொண்டுவர வேண்டும் என்பது அவன் யோசனை. ஆனால் பாக்ஸ் செத்ததும் மகுடக்காரர்கள் கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக் கையை நிறுத்திவிட்டார்கள். அண்ணாவியும் பாட்டை நிறுத்தினார். குமார் மந்தத்தின் மைக்கை ஏற்றினான், ஏற்றுவதற்கு அங்கே ஒரு சத்தமும் இல்லை. வேப்பமரத்தில் காக்கை கத்தியது மைக்கில் பெரிதாகக் கேட்டது.

இசக்கியப்பன் மாமா நின்றுவிட்டார். கையிலிருந்த வல்லயத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு தன் வழக்கமான கீச்சுக் குரலில், "செல்வி, கொஞ்சம் தண்ணி கொண்டா தாயி" என்றார்.

சாமி அப்படித் தண்ணீர் கேட்காது. அதைவிட, சாமி மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடாது. மாமாவின் மனைவி வெள்ளைத்தாய் அத்தை வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். மகுடக்காரர்கள் பதறிப்போய் மறுபடி அடித்தார்கள். ஒரு மணி நேரம் அடித்தார்கள். மாமா நின்ற இடத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சாமி வரவில்லை. அன்றைய ராத்திரிக் கொடைக்கும் வரவில்லை.

ஊரில் யாரும் குமாரை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். செல்வி ஒரே ஒரு தடவை, "சாமியப் பாதியில இறக்கி விட்டுட்டீங்களே" என்றாள். பிறகு சோறு வைப்பாள், துணி துவைப்பாள், பேச்சு கிடையாது. மாமா வீடு, புஞ்சை தவிர வேறெங்கும் போவதை நிறுத்திவிட்டார். பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறார் என்று செய்தி வந்தது. யாராவது திருநீறு வாங்க வந்தால் உள் அறைக்குள் போய் இருந்துகொள்வாராம். அடுத்த கொடைக்கும் சாமி வரவில்லையென்றால் வேறு சாமியாடி பார்ப்பது என்று ஊர்க்கூட்டத்தில் பேசிவிட்டார்கள். சாமியும் போய்விட்டால் அந்த மனுஷன் அந்த ஊரில் யார்? அதை நினைத்து நினைத்தே குமார் பாதியாகிவிட்டான். கடையில் ரெகே நின்றது. கல்யாண வீடுகளில் ராஜமணி அண்ணாச்சி கேட்ட மாதிரி நிக்காமல் போட்டான்.

ஐப்பசியில் ஒரு நாள் மாமாவைப் பார்க்கப் புஞ்சைக்குப் போனான். மழை பெய்திருந்தது. கரிசல் செருப்போடு ஒட்டி வந்ததால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறான். மாமா மக்காச்சோளத்துக்கு நடுவில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். இவன் போய்க் காலில் விழுந்துவிட்டான். அங்கே நடந்ததை மறுநாள் கடையில் உட்கார்ந்து வரி விடாமல் என்னிடம் சொன்னான்.

"எந்திரிங்க மாப்ள. எதுக்குக் கண்ணீர் விடுதீங்க? தப்பு உங்க மேல இல்ல."

"நான் நிறுத்தாம இருந்திருந்தா சாமி போயிருக்காதுல்லா மாமா."

மாமா கையிலிருந்த மண்ணைத் துடைத்தார்.

"நீங்க நிறுத்தினதுனாலதான் தெரிஞ்சுது. சத்தம் நின்னுச்சு. உள்ள பாத்தேன். யாருமே இல்ல மாப்ள. நான் மட்டுந்தான் நின்னுக்கிட்டு இருந்தேன்."

மாமா குனிந்து ஒரு களையைப் பிடுங்கி எறிந்தார்.

"இருவத்தெட்டு வருசமா ஆடுனது யாரு? குறி கேக்க வந்த அந்த ஜெயப்பிரியாவுக்கு ஆம்பளப் பிள்ள பிறக்கும், ஆசுபத்திரிக்குப் போகாதன்னு சொன்னது யாரு? பிள்ள செத்துல்லா பிறந்தது. சாமி சொல்லிச்சுன்னு நானும் அழுதுட்டுப் போயிட்டேன். அது நான் சொன்னதா மாப்ள? இத நான் யார்ட்டப் போய்க் கேக்கதுக்கு?" கடைசியில், "செல்விகிட்டச் சொல்லிராதீங்க" என்றார்.

இதைக் கேட்டு நான் குமாரிடம், "மறந்திருல" என்றேன். ஆறுதல் சொல்வதில் நான் அவ்வளவுதான். அவனுக்கு ரெகேயும் போய், சாமியும் போய், மாமாவின் கேள்வி மட்டும் மிஞ்சியது.

அடுத்த கொடை வந்தது. வேறு செட்டுக்குச் சொல்லலாம் என்றுதான் ஊரில் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் மாமா ஊர்க்கூட்டத்துக்கே வந்து, "எம் மாப்ள செட்டுதான் போடணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கு மேல் அவரிடம் யாரும் பேசத் துணியவில்லை. கொடைக்கு முந்தின நாள் குமார் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருக்கையில் மாமா அருகே வந்து மெதுவாக, "நிறுத்திராதீங்க, என்ன?" என்றாராம்.

மதியக் கொடை. நான் போன தடவை நின்ற இடத்திலேயே நின்றேன். குமார் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு மிக்ஸருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மகுடம் ஏறியது. மாமா நின்றார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

அப்புறம் அவர் தோள் ஒரு தடவை குலுங்கியது. ஒரே கத்தல். வல்லயம் மேலே போனது. ஊர் மொத்தமும் "அப்பா, வந்துட்டியா" என்று அலறியது. வெள்ளைத்தாய் அத்தை மண்ணில் விழுந்து கும்பிட்டாள்.

குறி கேட்கும் நேரம் முதல் ஆளாகச் செல்விதான் போய் நின்றாள். அழுதுகொண்டே கேட்டாள்.

"சாமி, எங்க அப்பா ஒரு வருசமா ஒழுங்காச் சாப்பிடல. உறங்கல. யார்ட்டயும் பேசல. எம் மாப்பிள்ள செஞ்ச தப்புக்கு எங்க அப்பாவக் கைவிட்டுராதப்பா. எங்க அப்பாவ எனக்குத் திருப்பிக் குடு."

நான் மிக்ஸர் பக்கத்திலிருந்து மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குமாரும் பார்த்தான். அவள் தலையில் திருநீறு போட எடுத்த கை அப்படியே நின்றது. உதடு கோணியது. இன்னும் ஒரு நொடியில் அந்த மனுஷன் மகளுக்கு முன்னால், ஊருக்கு முன்னால், அப்பனாக அழப் போகிறார். அவர் கண் கூட்டத்தைத் தாண்டி நேராகக் குமாரிடம் வந்தது.

குமார் கையை வெளியே எடுத்தான். உச்சம், மந்தம், அண்ணாவியின் குரல், எல்லாவற்றையும் ஒரே தள்ளாக மேலே தள்ளினான். பேஸ் பாக்ஸ் நான்கும் அதிர்ந்தன. என் பக்கத்தில் இருந்தவன் கத்தியதுகூட எனக்குக் கேட்கவில்லை. மாமாவின் வாய் திறந்திருந்தது, தோள்கள் குலுங்கின. அந்தச் சத்தத்தில் அது சாமியின் கூப்பாடா, ஒரு அப்பனின் அழுகையா என்று யாருக்கும் தெரிய வழியில்லை. ஊர் குலவை போட்டது. செல்வி நெற்றி நிறையத் திருநீறோடு திரும்பினாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மிக்ஸருக்கு ஓடி வந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தீங்களா? சாமி வந்துட்டு."

குமார் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். "ஆமா செல்வி, வந்துட்டு" என்றான்.