ஃபாரின் எண்ணெ

வீட்டு ஓனரம்மா என் கணவரைக் கீழே கூப்பிட்டு, இந்த மாதத்தோடு வீட்டைவிட்டுப் போய்விடுங்கள் என்றார். அவரை மட்டும்தான். நான் இருக்கலாமாம், வாடகைகூட வேண்டாமாம். பக்கத்தில் நின்று கேட்ட எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமாகி இரண்டாவது வருஷம். புருஷனை வெளியே அனுப்பிவிட்டுப் பெண்டாட்டியை வைத்துக்கொள்கிற ஓனரை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

எல்லாம் அந்த நாசமாய்ப்போன ஆயிலால் வந்த வினை.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூர் விஜயநகரில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். இவர் ஆபீஸ் வேலையாக வந்து சில வருஷம் ஆகியிருந்ததால் கன்னடம் நன்றாகப் பேசுவார். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள், ஒரு வார்த்தை தெரியாது. கீழே ஓனரம்மா தனியாக இருந்தார். கணவர் பெரிய வேலையில் இருந்தவர், காலமாகிவிட்டார் என்பதற்கு மேல் தன்னைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை.

இவர் ஒரு பழைய காரை வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து இவருக்கு ஒரே பயம், இஞ்சின் போய்விடுமோ என்று. அப்போதுதான் சிந்தடிக் ஆயில் என்று ஒன்று கடைகளில் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. மண்டி மொஹல்லா கடைக்காரர் ஒருவர் இவர் காதில் அதை ஓதிவிட்டார். அவ்வளவுதான், மனுஷனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. சாதா ஆயில் சூட்டில் கருகிக் கசடாகிவிடுமாம். சிந்தடிக் அப்படி ஆகாதாம். குளிர்ந்த காலையில் இஞ்சினைக் கிளப்புகிற முதல் நிமிஷத்தில்தான் தேய்மானமே நடக்கிறதாம். அந்த நிமிஷத்தில் எந்த ஆயில் முதலில் ஓடிப்போய் இரும்பைப் போர்த்துகிறதோ அதுதான் நல்ல ஆயிலாம். சாப்பிடும்போது இது, படுக்கும்போது இது. சரி, பேசித் தொலையட்டும் என்று விட்டேன்.

பேச்சோடு நின்றதா? சாதா ஆயில் ஒன்று, ஃபாரின் சிந்தடிக் இரண்டு, மூன்றையும் என் எவர்சில்வர் கிண்ணங்களில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தார். காலையில் எடுத்து ஒரு தட்டில் வரிசையாக ஊற்றிச் சாய்த்தார். சாதா ஆயில் தேன் மாதிரி மெதுவாக நகர்ந்தது. மற்ற இரண்டும் சரசரவென்று இறங்கின. அந்த இரண்டில் எது உசத்தி என்று பார்க்க, என் தாளிப்புக் கரண்டியில் ஊற்றி அடுப்பில் காய்ச்சினார். அதற்கப்புறம் அந்தக் கரண்டியில் கடுகு தாளிக்க முடியுமா? எனக்கு வந்த கோபத்தில் கரண்டியை ஜன்னல் வழியாக விட்டெறிந்தேன். அது ஓனரம்மாவின் துளசிச் செடிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

இதற்கு நடுவில் நான் கன்னடம் கற்றுக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். தமிழ் வார்த்தையை எடுத்து வாலை ஒட்ட நறுக்கிவிடுவது. மனை, மனெ ஆயிற்று. தலை, தலெ. எண்ணெய், எண்ணெ. யாரும் திருத்தவில்லை, அதனால் தைரியம் கூடியது. ஓனரம்மாவிடம் பேசும்போது ஆயில் என்று இங்கிலீஷில் சொல்வது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கேட்பார், உங்கள் யஜமான்ரு, அதாவது வீட்டுக்காரர், எங்கே என்று. எண்ணெ ஹாக்கக்கெ ஹோகித்தாரெ, எண்ணெய் போடப் போயிருக்கிறார் என்று நான் பெருமையாகச் சொல்வேன். வாசலில் கார் நிற்கிற இடம் காலியாக இருப்பது அவருக்குத் தெரியாதா என்ன, இஞ்சின் கிஞ்சின் என்று நீட்டி முழக்குவானேன். இன்னும் விவரம் கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். முதலில் உள்ளூர் எண்ணெ போட்டார், அது ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது ஃபாரின்தான் என்பேன். விலை ஜாஸ்தி, ஆனால் உள்ளே போனால் சூடே தெரியாதாம் என்பேன். அவர் முகம் வாடிப்போகும். என் தலையைத் தடவிவிட்டு, ஒரு கிண்ணம் பிசிபேளே பாத் கொடுத்தனுப்புவார். விலை ஜாஸ்தி என்றதற்கு வருத்தப்படுகிறார் போல, எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் காம்பவுண்டுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "ஹொடீத்தாரா?"

என் காதில் அது ஓடுதா என்று விழுந்தது. புது ஆயில் போட்ட கார் ஓடுகிறதா என்று கேட்கிறார்! நான் சிரித்த முகத்தோடு, ஹௌது, தினமும், சென்னாகி என்றேன், ஆமாம், தினமும், நன்றாகவே என்று. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று விரலை வேறு காட்டினேன்.

அவர் கண்ணில் தண்ணீர் தளும்பியது. நானோ பிசிபேளே பாத்துக்கு நன்றி சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் இவர் மாடிப்படியில் ஆயிலைச் சிந்திவைத்திருந்தார். நான் வழுக்கி, நெற்றி சுவரில் மோதி, புருவத்துக்கு மேல் முட்டை அளவுக்கு வீங்கிவிட்டது. மறுநாள் காலை ஓனரம்மா பார்த்துப் பதறி, என்ன இது என்று கேட்டார். எனக்கு இருந்த எரிச்சலில், எல்லாம் இவருடைய எண்ணெயினால்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அன்றைக்கே இவரைக் கீழே கூப்பிட்டார். போய்விடுங்கள் என்றார்.

ஓனரம்மா கன்னடத்தில் நிறுத்தி நிதானமாகப் பேசப் பேச, இவர் முகத்தில் ரத்தமே இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ என்னடி சொல்லி வச்சிருக்கே இவங்ககிட்ட?"

ஓனரம்மா சட்டென்று எங்கள் நடுவில் வந்து நின்றார். என் தோளுக்குத்தான் இருப்பார், ஒல்லியான உடம்பு. ஒரு கையைப் பின்னால் நீட்டி என்னை மறைத்துக்கொண்டார். இவர் மாடிக்கு ஓடி ஆயில் கேனோடு திரும்பி வந்தார், மூடியைத் திறந்து நீட்டினார். ஓனரம்மா முகர்ந்து பார்த்தார். விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

இவர்தான் எனக்கு விளக்கினார். "நம்ம ஊர்ல தண்ணி போடறதுன்னா என்ன? அதுதான் இங்க எண்ணெ போடறது. ஹொடீத்தாரான்னா அடிக்கிறாரான்னு அர்த்தம்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஃபாரின் எண்ணெ, உள்ளே போனால் சூடு தெரியாது, தினமும் இரண்டு வேளை, சென்னாகி! வெற்றிலை பாக்குக்கூடப் போடாத மனுஷனை நான் மொடாக்குடியனாக்கி, பெண்டாட்டியை அடிக்கிறவனாக்கி, அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியும் வந்திருக்கிறேன். இவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கேனை எடுத்துக்கொண்டு மேலே போனார். ஓனரம்மா சிரிக்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார், நானும் பின்னாலேயே போனேன். கூடத்தை ஒட்டிய சின்ன அறை திறந்திருந்தது. எப்போதும் மூட்டை முடிச்சோடு கிடக்கிற அறை, அன்றைக்குத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கட்டிலில் புது விரிப்பு. கதவின் உள்பக்கம் புதிதாக ஒரு தாழ்ப்பாள் அடித்திருந்தது, மரத்தூள் இன்னும் தரையில் கிடந்தது.

எனக்காகவா என்று கேட்டேன். ஆமாம் என்றார். நேற்று வந்த என்னிடம் இதையெல்லாம் கேட்க உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று என் அரைகுறைக் கன்னடத்தில் கேட்டேன். அவர் விரிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார். தன் கணவர் தினமும் எண்ணெ போட்டுவிட்டுத்தான் வருவார் என்றார். தெருவுக்கே சத்தம் கேட்கும் என்றார்.

"நன்ன யாரூ கேளலில்லம்மா."

என்னை யாரும் கேட்கவில்லை. கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேலே இவர் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பது கேட்டது. எழுந்து போய் அந்தக் கதவைச் சாத்தினேன்.