காஷ்மீர் பனியும் தங்கை வீட்டு உளுந்தும்

2010, மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை. காலை ஏழேகாலுக்குக் கடலூர் பஸ் நிலையத்தில் சிதம்பரம் வண்டி ஏறினேன். நாற்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் பதினைந்து ரூபாய். கையில் குடை. வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது.

போன காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் தைரியம் வராது. வியாழக்கிழமை சாயங்காலம் டிவியில் மறுநாள் வானிலை சொன்னார்கள். காஷ்மீரில் பனி, இமாச்சலில் மழை, ராஜஸ்தானில் வெயில், அசாமில் இடி மழை, கேரளாவில் சில இடங்களில் மழை என்று வடக்கிலிருந்து இறங்கி வந்தார்கள். தமிழ்நாட்டுக்கு வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிதம்பரத்துக்கு அந்தப் பக்கம் என் தங்கை வள்ளி வீட்டில் உளுந்துச் செடியைப் பிடுங்கி வயலில் காயப் போட்டிருந்தார்கள். நனைந்தால் காயிலேயே முளைத்துவிடும். போன் போட்டேன்.

"மழை வருதுன்னு டிவியிலயே சொல்லிட்டான். குவிச்சு மூடிடு."

கரண்ட் போனதைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் அவளே கூப்பிட்டு, "மழையக் காணோமேண்ணே?" என்றாள். "வரும், பிரிக்காத" என்றேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மழை வந்தால் தார்ப்பாயைப் பிடிக்கவாவது ஆள் வேண்டுமே என்றுதான் கிளம்பினேன்.

ஏழே முக்கால். முதுநகர் தாண்டியதும் பக்கத்து சீட்டுக்காரர் பேப்பரை விரித்தார். நான் எட்டாவதோடு நின்றவன், எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அவர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். "நம்ம பக்கம் மழை போட்டிருக்கானா சார்?" என்று கேட்டேன்.

"தமிழ்நாடு, புதுச்சேரி வறண்ட வானிலை. நாளைக்கும் அதேதான். குடை வெயிலுக்கா?"

"ஆமாங்க" என்றேன். வாய் தானாகப் பொய் சொன்னது.

எட்டே முக்காலுக்குச் சிதம்பரம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஏழு கிலோமீட்டர். அந்த ரோடு முழுக்க உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். வண்டி ஏறி இறங்கினால் காய் உடைந்து உளுந்து உதிர்ந்துவிடும், அடிக்க ஆள் வேண்டாம். எங்கள் பஸ்ஸும் நொறுநொறுவென்று ஏறிப் போனது.

"நேத்துலேர்ந்து எல்லார் உளுந்தையும் நான்தான் அடிக்கிறேன். ஒரு வடை வாங்கித் தர ஆளில்ல" என்றார் டிரைவர். பஸ்ஸே சிரித்தது. வள்ளி வீட்டுக்கு நேரே மட்டும் ரோடு வெறும் தாராகக் கிடந்தது.

தங்கை புருஷன் பழனி குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "வாங்க மச்சான், மழையக் கூட்டிட்டு வந்தீங்களா?"

தார்ப்பாயைத் தூக்கினார். ஆவி முகத்தில் அடித்தது. உள்ளே கை விட்டேன், சுட்டது. நடுவிலிருந்த காய்களில் பூஞ்சணம் பூத்திருந்தது.

பக்கத்து வயல் அம்மா வரப்பில் நின்று, "ஏன் வள்ளி, உங்க ஊட்டுக்கு மட்டும் தனி டிவியா?" என்றாள்.

"எங்க அண்ணன் பாத்துட்டுதான் சொல்லுச்சு. மழை வராதது அது தப்பா?" என்று வள்ளி சண்டைக்குப் போனாள்.

எனக்கு அதுதான் தாங்கவில்லை. "நான் முழுசாப் பாக்கலம்மா. கேரளா வரைக்கும்தான் பாத்தேன், கரண்ட் போயிடுச்சு" என்றேன்.

 பழனி, "காஷ்மீர்ல பனி பெஞ்சதுக்கு இங்க மூடிட்டோமா மச்சான்?" என்றார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வள்ளி சிரிக்கவில்லை. செடியை உதறும் கவைக்கோலை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

பொழுது சாயும் வரை உதறிக் காய வைத்தோம். கால்வாசி கறுத்துவிட்டது. மாட்டுக்குக்கூடப் போட யோசிக்க வேண்டும்.

ஐந்தரை பஸ்ஸுக்கு வள்ளி ரோடு வரை வந்தாள். வானத்தைப் பார்த்தாள். "இன்னிக்கு ராவு வெளியவே கெடக்கட்டுமாண்ணே? மழை வருமா?"

இவ்வளவுக்குப் பிறகும் என்னைத்தான் கேட்கிறாள். பேப்பரில் போட்டதைச் சொல்லலாமா என்று பார்த்தேன். அதையும் நான் என் கண்ணால் படிக்கவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா."

"அன்னிக்கே இப்படிச் சொல்லியிருக்கலாமேண்ணே" என்றாள், கோபமே இல்லாமல். பஸ் வந்துவிட்டது.