குழாய்க்காரர் மாட்டிய மூடி

எங்கள் குடியிருப்பில் எந்த வீட்டுக் குழாய் ஒழுகினாலும் கூப்பிடுவது தரைத்தளத்து மாமாவைத்தான். சொந்த மாமா இல்லை. எல்லோரும் அப்படிக் கூப்பிடுகிறார்கள், நானும் கூப்பிடுகிறேன். குழாய் வேலைதான் அவருக்குப் பிழைப்பு. வந்ததும் பையைக் கீழே வைப்பார், ஒழுகுகிற குழாயின் கழுத்தைப் பிடிப்பார், ஒரு திருகு. அதற்குப் பிறகு அந்தக் குழாய் அழ நினைக்காது. அதில் அவருக்கு ஒரு நஷ்டமும் உண்டு. அவர் கை பட்டது மறுபடி கெடாது என்பதால் ஒரு வீட்டுக்கு இரண்டாவது தடவை போக வாய்ப்பே கிடைப்பதில்லை. வேலை முடிந்தும் வாசலில் நின்று தண்ணீர் வரி, மேல்தொட்டி, வானிலை என்று பேச்சை இழுப்பார். எங்கள் ஆட்கள் தலையாட்டிக்கொண்டே கதவைச் சாத்துவார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதரின் கார் ஒழுகியது. தண்ணீர் இல்லை, இன்ஜின் ஆயில்.

பழைய கார். கதவைச் சாத்தினால் தகர டப்பா விழுந்த மாதிரி சத்தம் வரும். அது ஒழுகுவதில் யாருக்கு என்ன என்று கேட்கலாம். மாமாவுக்கு இருந்தது. அத்தை, அதாவது அவர் மனைவி, மகளுடைய பிரசவத்துக்கு உதவியாக வெளியூர் போனவர். குழந்தை தவழும் வரை என்றார். பிறகு நடக்கும் வரை என்றார். அது இப்போது ஓடுகிறது, கட்டிலிலிருந்து குதிக்கிறது என்று கேள்வி. அத்தை மட்டும் திரும்பவில்லை. சண்டையும் இல்லை. இருந்திருந்தால் சமாதானம் பேசவாவது ஒரு சாக்கு கிடைத்திருக்கும். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார முடியாது, கார் எடுத்துக்கொண்டு வந்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆக, கார் ஒழுகாமல் அந்த ஊர் வரை போய்த் திரும்பினால் அத்தை வீட்டுக்கு வருவார். போகிற வழியில் ஆயில் தீர்ந்தால் இன்ஜின் இறுகி நடுரோட்டில் நின்றுவிடும். மாமாவின் குடும்பம் அந்தச் சொட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

மெக்கானிக்கிடம் காட்டலாமே என்று என் அப்பா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மாமா அவரைப் பார்த்த பார்வையில் அப்பா மாடிப்படி ஏறிவிட்டார். ஒழுகலை நிறுத்தியே வயிற்றைக் கழுவுகிறவர், அதற்கு வேறு ஆளைக் கூப்பிடுவாரா?

காருக்கு அடியில் அட்டை விரிப்பார். காலையில் எடுத்து, எந்த இடத்தில் கறை விழுந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இன்ஜினின் அடித்தொட்டிக்கு நேர் கீழே கறை. சரி, தொட்டியின் கேஸ்கட் போய்விட்டது என்று கழற்றிப் புதிதாகப் போட்டு, போல்ட்டுகளைத் தன் பாணியில் முறுக்கினார். மறுநாள் அட்டையில் அதே கறை, இன்னும் கொஞ்சம் அகலமாக. பானெட்டைத் திறந்து தலையை விட்டுப் பார்த்தபோது இன்ஜினின் மேல்மூடி ஓரமும் ஈரமாக இருந்தது. அதையும் முறுக்கினார். மெல்லிய தகர மூடி. அவர் முறுக்கிய முறுக்கில் போல்ட் இருந்த இடமெல்லாம் குழிந்து, நடுவில் மேலே தூக்கிக்கொண்டது. இப்போது அங்கேயும் தாராளமாக வந்தது. கார் அவருக்கு நன்றாகத் தண்ணி காட்டியது.

பிறகுதான் இன்ஜின் முழுக்க மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினார். ஆயில் மேலே கசிந்து வழிந்து கீழே வந்து சொட்டும். சொட்டுகிற இடத்தை வைத்துக் கசிகிற இடத்தைச் சொல்ல முடியாது. குழாயிலும் அப்படித்தான். காய்ந்த இன்ஜின்மேல் பவுடர் தூவி ஓடவிட்டால், எங்கே முதலில் ஈரக்கோடு விழுகிறதோ அதுதான் இடம். வீட்டில் இருந்த பவுடர் அத்தை விட்டுப்போனது. டப்பாவைத் தட்டித் தட்டி முழுவதையும் கொட்டினார். இன்ஜின் சூடேறியதும் கார் நிற்கிற இடம் முழுக்க அந்த வாசனை. மாடியிலிருந்து என் அம்மா எட்டிப் பார்த்து, "அத்தை வந்துட்டாங்களா?" என்று கேட்டாள். மாமா நிமிரவில்லை. ஈரக்கோடுகள் எப்போதோ விழுந்துவிட்டன. அவர் இன்ஜினை அணைக்காமல் பெட்ரோல் வீணாக நின்றுகொண்டே இருந்தார்.

கோடுகள் மூன்று இடத்தில் இருந்தன. மேல்மூடி, அடித்தொட்டி, முன்பக்க சீல். ஒரே நேரத்தில் மூன்றும் எப்படிக் கெடும் என்று அவருக்குப் புரியவில்லை. அதோடு இன்னொரு கூத்து. ஆயில் மட்டம் பார்க்கும் அளவுக்கம்பி, அதுதான் டிப்ஸ்டிக், வண்டி எடுத்து வந்த ஒவ்வொரு தடவையும் தன் குழாயிலிருந்து பாதி வெளியே வந்து நின்றது. அழுத்தி வைப்பார், மறுபடி எழுந்து நிற்கும். யாரோ விளையாடுகிறார்கள் என்று முடிவு கட்டினார். அழைப்பு மணிகளில் பிசின் ஒட்டிய சம்பவத்துக்குப் பிறகு, எங்கள் குடியிருப்பில் யாரோ என்றால் அது நான்தான்.

கையெல்லாம் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"அம்மாடி, தப்பா எடுத்துக்காத. உன் பையன் என் வண்டியில கம்பியப் புடுங்கிப் புடுங்கி வைக்கிறான்னு நினைக்கிறேன்."

"செய்யக்கூடியவன்தான் மாமா. ஆனா இத இவன் செய்யல."

"எப்படிச் சொல்ற?"

"செஞ்சிருந்தா இந்நேரம் நாலு பேர்கிட்ட பெருமை அடிச்சிருப்பான்."

பெற்ற தாய் கொடுத்த நற்சான்றிதழ் அவ்வளவுதான். மாமா நம்பவில்லை. மறுநாள் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, பக்கத்தில் முக்காலி போட்டு, கையில் ஸ்பேனரோடு காவலுக்கு உட்கார்ந்தார். என் பெயர் கெட்டுப்போவதை நேரில் பார்க்க நானும் போய் நின்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் கையை உள்ளே விட்டு இன்ஜின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டியதும் அளவுக்கம்பி தானாக அசைந்தது. யாரும் தொடவில்லை. மெதுவாக, தூக்கத்திலிருந்து எழுகிற ஆள் மாதிரி மேலே வந்து, ஒரு துளி ஆயிலைத் துப்பிவிட்டு நின்றது.

மாமா ஸ்பேனரைக் கீழே வைத்தார். "உன்மேல பழி போட்டுட்டேன்டா."

"பரவாயில்ல மாமா. வேற ஒண்ணுல கழிச்சுக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. இன்ஜினிடம் பேசுவது போலச் சொன்னார். "மூணு எடத்துல ஒழுகினா மூணு எடமும் கெட்டுப்போகல. உள்ள அழுத்தம். வெளிய போக வழியில்ல. அதான் முடிஞ்ச எடத்துலெல்லாம் பிதுங்குது."

சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. கை இன்ஜினின் பின்பக்கம் போனது. கண் பார்க்கவில்லை; கைக்கு இடம் தெரிந்திருந்தது. ஒரு ரப்பர் குழாயின் நுனியிலிருந்து எதையோ திருகி எடுத்தார். புஸ்ஸென்று காற்று வந்தது. கையில் இருந்தது தண்ணீர்க் குழாய்களின் முனையை அடைக்கப் போடும் சின்னப் பிளாஸ்டிக் மூடி.

அந்த ரப்பர் குழாய் இன்ஜின் மூச்சு விடுவதற்காக வைத்தது. உள்ளே சேரும் ஆவி அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். குழாய்க்காரர் கண்ணுக்கு அது முனை திறந்து கிடக்கிற ஒரு குழாய். திறந்த குழாயைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியுமா?

"நான்தான் மாட்டினேன். உங்க அத்தையப் பொண்ணு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முந்தின நாள். வண்டிக்குள்ள ஆயில் வாடை வருது, தலை சுத்துதுன்னு சொன்னா."

வாயில் ஒரு கிண்டல் தயாராக இருந்தது, விழுங்கிவிட்டேன்.

மற்றதெல்லாம் வேலை. ரப்பர் குழாயில் கறுப்புக் கூழாக அடைத்திருந்ததைக் கம்பி விட்டுத் தோண்டிக் கழுவினார். அந்த முனையில் ஆயிலுக்கு இளகாத நீளக் குழாய் ஒன்றை இணைத்து, வண்டிக்கு அடியில், பின்பக்கம் பார்த்துத் திறந்துவிட்டார். வாடை இனி ரோட்டோடு போகும். வளைந்த மேல்மூடியைப் பலகைமேல் கவிழ்த்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி ஓரத்தைச் சமமாக்கினார். மூடிக்குப் புதுக் கேஸ்கட், முன்பக்கம் புது சீல். போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். கடைசித் திருகுக்குக் கை துடித்ததை நான் பார்த்தேன். ஸ்பேனரை எட்டி வைத்துவிட்டு அந்தக் கையைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஊரைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்தார். அளவுக்கம்பி இருந்த இடத்தில் இருந்தது. அட்டையில் கறை இல்லை. கை அழுக்கோடு இருந்ததால் போனைக் கார் கூரைமேல் வைத்து அத்தையை ஸ்பீக்கரில் கூப்பிட்டார். எங்கள் மாடி வரை கேட்டது. யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

"வண்டி சரியாயிடுச்சு," என்றார் மாமா.

"நெஜமாவா?"

"ஞாயித்துக்கெழம வரட்டுமா?"

அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதையோ கேட்டு அழுதது. அதைச் சமாதானம் செய்துவிட்டு அத்தை வந்தார்.

"வாங்க. ஆனா ரெண்டு நாள்தான் இருப்பேன். இவன் என்னைத் தேடுவான்."

"சரி."

"என்ன சரி? கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. எங்க உக்காருவ, முன்னாடியா பின்னாடியா?"

"முன்னாடிதான். நான் என்ன சவாரியா?"

அத்தை வந்தார். தரைத்தளத்துச் சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. கொடியில் இரண்டு பேர் துணி காய்ந்தது. மாமா அந்த இரண்டு நாளும் யார் வீட்டுக் குழாயையும் பார்க்க வரவில்லை. வாடை வந்ததா என்று அம்மா கேட்டதற்கு, ஒன்றுமே இல்லை, நன்றாகத் தூங்கிவிட்டேன் என்றார் அத்தை. ஒழுகல் ஒழுகல் என்று மாமா இத்தனை நாள் சாக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தாராம். மூன்றாம் நாள் காலையில் அத்தையின் பை காரில் ஏறியது.

மாமா சாயங்காலம் தனியாகத் திரும்பினார். அவ்வளவு தூரம் ஓடிய கார், சூடு ஆற ஆற டிக் டிக்கென்று சத்தம் போட்டது. அம்மா மேலிருந்து கேட்டாள்.

"வண்டி எப்படிப் போச்சு மாமா?"

"ரொம்ப நல்லாப் போச்சும்மா. ஒரு சொட்டுகூட இல்ல."

இறங்கவில்லை. பக்கத்து சீட் அத்தையின் முழங்காலுக்காக நன்றாகப் பின்னால் தள்ளியிருந்தது. அதை முன்னால் இழுக்கக் குனிந்து சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியைப் பிடித்தார். பிறகு இழுக்காமலே கையை எடுத்துவிட்டு, சீட்டை அப்படியே விட்டு இறங்கிக் கதவைச் சாத்தினார்.