ஆய்வுக் குழு வந்த அன்று சாயிரா பானு

சாயிரா பானு பிறந்தது உக்கடத்தில். தகப்பனார் அத்தர் வியாபாரி. கணவர் துபாய்க்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, மகளுடன் போத்தனூரில் வீடு பார்த்துக் குடிவந்தார். முப்பத்து நான்காவது வயதில், பீளமேட்டில் ஒரு தனியார் கல்லூரி புதிதாகத் தொடங்கியிருந்த மழலையர் கல்விப் பட்டயப் படிப்பில் சேர்ந்தார். டீச்சர் ஆக வேண்டும், வேறு எண்ணம் அவருக்கு இல்லை. நான் அந்தக் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தேன்.

படிப்புக்கு அங்கீகாரம் அப்போது கிடைத்திருக்கவில்லை. "வந்துருமுங்க" என்று சொல்லியே இரண்டு வருடம் ஓடியது. 2023 ஆகஸ்டில் ஆய்வுக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. அங்கீகாரம் கிடைத்தால்தான் அங்கே படித்த பெண்களின் பட்டயம் செல்லும்.

மாணவிகள் பயிற்சி பெறக் கல்லூரிக்குள்ளேயே ஒரு மழலையர் பள்ளி நடக்க வேண்டும் என்பது விதி. அறை இருந்தது, பொம்மைகள் இருந்தன, பிள்ளைகள் இல்லை. தாளாளர் திருமலைசாமி பக்கத்து அங்கன்வாடியிலிருந்து பிள்ளைகளை வேனில் அழைத்துவர ஏற்பாடு செய்தார். சீருடை தைத்தார்கள், பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தைகளுக்கென்று கட்டிய கழிப்பறைக்கு மட்டும் தண்ணீர் வசதி செய்யவில்லை. அதைப் பூட்டி, கதவில் யானைப் படம் ஒட்டிவிட்டார்கள்.

"கல்யாணத்துக்குச் சேர் எடுக்கற மாதிரி பிள்ளைங்களையும் வாடகைக்கு எடுத்தாச்சுங்க அக்கா. திருப்பிக் குடுக்கறப்ப உடையாம குடுக்கோணும்" என்று உடன் படித்த ரெபேக்கா சிரித்தாள்.

"சும்மா இரு கண்ணு, சார் காதுல உளுந்துரப் போகுது" என்றார் சாயிரா.

குழு வந்த அன்று பாடம் நடத்தியது சாயிராதான். நன்றாகவே நடத்தினார். குழுவின் தலைவியான அம்மையார் தலையசைத்துக் குறிப்பெடுத்தார். அப்போது ரம்ஷா என்ற நான்கு வயதுக் குழந்தை எழுந்துவந்து சாயிராவின் புடவையைப் பிடித்தது.

"அக்கா, ஒண்ணுக்கு வருது."

வாசலில் நின்ற திருமலைசாமி, உட்கார வையுங்கள் என்று கையைத் தாழ்த்திக் காட்டினார். குழந்தை கால்களைப் பின்னிக்கொண்டு அழுதது. அவர் அருகில் வந்து, "அம்மணி, செத்த நேரம் பொறுத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

"அதுக்கு முடியாதுங்க சார்."

சாயிரா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்த ஊழியர் கழிப்பறைக்கு ஓடினார். அம்மையார் எழுந்து யானைக் கதவை இழுத்துப் பார்த்தார்.

"தினமும் வர்ற பிள்ளைங்க எங்க போவாங்க?"

திரும்பி வந்த ரம்ஷாவிடம், "உன் ஸ்கூல் எதும்மா?" என்று கேட்டார். குழந்தை ஜன்னலுக்கு வெளியே கை காட்டியது. "அங்க. சோறு போடுவாங்க."

அங்கீகாரம் மறுக்கப்பட்டது. கல்லூரி அந்தப் படிப்பையே மூடியது.

"அத்தனை பேரு பொழப்பையும் கெடுத்துப்போட்டீங்களே அக்கா. நனைஞ்ச பாவாடை காஞ்சிருக்குமுங்க" என்றாள் ரெபேக்கா. இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

பட்டயம் செல்லாதென்று சாயிராவைப் பல பள்ளிகளில் திருப்பி அனுப்பினார்கள். இப்போது போத்தனூரில் ஒரு பிளே ஸ்கூலில் ஆயாவாக இருக்கிறார். போன மாதம் பேரனை அழைத்துவர அங்கே போயிருந்தேன். ஒரு சிறுமி முகத்தை நீட்டிக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"டீச்சர், மூக்கு."

மேஜை முன் உட்கார்ந்திருந்த பள்ளி உரிமையாளர் நிமிர்ந்தார். "டீச்சர் உள்ள இருக்காங்க கண்ணு. இவங்க ஆயா."

சிறுமி கொஞ்சம் யோசித்தாள்.

"ஆயா, மூக்கு."

சாயிரா குனிந்து துடைத்துவிட்டார்.